பச்சைச் சட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூர்க்காரன். சில வருடங்களாக ஜோர்டானில், அம்மானை ஒட்டிய சஹாப் தொழிற்பேட்டையில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் என்னை வெஹ்தாத் – ஃபைசலி கால்பந்து ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். அவர் வெஹ்தாத் பாலஸ்தீன அகதி முகாமில் பிறந்தவர். தாத்தா இன்றைய இஸ்ரேலில் இருக்கும் லித்தா ஊர்க்காரர், 1948-இல் துரத்தப்பட்டவர். அந்த வீட்டின் சாவி இன்னும் அவர்கள் அலமாரியில் இருக்கிறது. மைதானத்தில் அத்தனை பேரும் பச்சைக் கொடியோடு எழுந்து நின்று 'அல்லாஹ், வெஹ்தாத், அல்-குத்ஸ் அரபிய்யா' (ஜெருசலேம் அரபு நகரம்) என்று முழங்கியபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அது வெறும் விளையாட்டல்ல, ஒரு இனத்தின் வலி என்று உணர்ந்தேன்.

ஆனால் சில சந்தேகங்கள். இவர்களிடம் ஜோர்டான் பாஸ்போர்ட் இருக்கிறது. என் நண்பர் லித்தாவைப் பார்த்ததே இல்லை. மூன்றாம் தலைமுறையிலும் அகதி என்று சொல்லிக்கொள்வது சரிதானா? இவர்களின் விசுவாசம் ஜோர்டானுக்கா, பாலஸ்தீனத்துக்கா? விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா? தென் அமெரிக்காவில் சிலி நாட்டில்கூட பாலெஸ்டினோ என்று ஒரு கிளப் இருக்கிறதாமே, அதுவும் இதே போன்றதுதானா? கடைசியாக ஒன்று. நண்பர் எனக்கு வெஹ்தாத் ஜெர்சி ஒன்று வாங்கிக் கொடுத்தார். வெளியாளான நான் அதைப் போட்டுக்கொள்ளலாமா? அது அவர்களின் வலியை நான் கடன் வாங்குவது போல ஆகாதா?

எம்., சஹாப்

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தைப் பாதிக்கு மேல் வெட்டித்தான் மேலே போட்டிருக்கிறேன். நீங்கள் கண்கலங்கிய இடங்கள் நிறைய இருந்தன. ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். அடுத்த முறை பத்தி பிரித்து எழுதுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலைக்காக வெளிநாடு போகும் நம்மவர்களில் பலருக்கு கம்பெனி, ரூம், வெள்ளிக்கிழமை பிரியாணி, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை இவற்றைத் தாண்டி அந்த நாடு கண்ணில் படுவதே இல்லை. நீங்கள் ஒரு சிநேகிதனைப் பிடித்திருக்கிறீர்கள். அவன் உங்களைத் தன் வீட்டு அலமாரி வரைக்கும், மைதானத்தின் கேலரி வரைக்கும் கூட்டிப்போயிருக்கிறான். இது சாதாரணமாக நடப்பதில்லை. அதனால்தான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச எனக்கு மனம் வருகிறது.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுகிறேன். சிலியின் பாலெஸ்டினோ 1920-இல் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் பெத்லகேம், பெய்த் ஜாலா பக்கத்திலிருந்து துருக்கிய ஆட்சிக் காலத்திலேயே கப்பலேறிப்போன குடும்பங்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். துணி வியாபாரம், ஜவுளி ஆலை என்று காலூன்றியவர்கள். 1955-லும் 1978-லும் அந்த நாட்டின் லீக்கை வென்ற கிளப். 2014-இல் ஜெர்சியின் முதுகில் 1 என்ற எண்ணுக்குப் பதிலாகப் பழைய பாலஸ்தீன வரைபடத்தைப் போட்டு அபராதம் கட்டினார்கள். எனக்கும் பிடித்த கிளப்தான். ஆனால் கடல் தாண்டிக் கடை வைத்தவர்கள் கதை வேறு, கூடாரத்தில் தொடங்கியவர்கள் கதை வேறு. இன்னொரு நாள் பேசலாம்.

விளையாட்டில் அரசியல் கலக்கலாமா? இந்தக் கேள்விக்கு இனிமேல் பதில் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். மைதானத்துக்கு மன்னர் பெயரை வைப்பார்கள், தேசிய கீதம் பாடுவார்கள், மந்திரி வந்து கோப்பையைக் கொடுப்பார். அதெல்லாம் விளையாட்டு. முகாமிலிருந்து வந்தவன் தன் ஊர்ப் பெயரைச் சொன்னால் மட்டும் அரசியல். சரி.

விசுவாசம் யாருக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பரிடம் இதைக் கேட்டுத் தொலைத்துவிடவில்லையே? இது போலீஸ் ஸ்டேஷன் கேள்வி, எம். கிரிக்கெட் நடக்கும் நாளில் கொழும்பில் தமிழனிடமும் நம்மூரில் முஸ்லிமிடமும் கேட்கப்படுகிற கேள்வி. 1948-இல் வந்தவர்களுக்கு ஜோர்டான் குடியுரிமை கொடுத்தது. 1967-இல் காஸாவிலிருந்து ஓடிவந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஜெராஷ் முகாமில் இன்றும் முழுக் குடியுரிமை இல்லாமல்தான் வாழ்கிறார்கள். பாஸ்போர்ட் என்பது ஒரு அரசு கொடுப்பது. கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அதற்காகத் தாத்தாவின் ஊரைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை. 2019 ஆசியக் கோப்பையில் ஜோர்டானும் பாலஸ்தீனமும் அபுதாபியில் நேருக்கு நேர் மோதின. 0–0. உங்கள் கேள்விக்கு இதைவிட நாசூக்கான பதிலை யாரும் தரமுடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் முழுக் கடிதத்தையும் ஒரு விஷயத்துக்காகத் தேடிப் படித்தேன். சாவி இருக்கிறது. கொடி இருக்கிறது. கோஷம் இருக்கிறது. கண்ணீர் ஏராளமாக இருக்கிறது. நண்பரின் அம்மா கொடுத்த தேநீர்கூட இருக்கிறது. ஸ்கோர் இல்லை! யார் ஜெயித்தார்கள்? யார் கோல் போட்டது? முதல் பாதியில் வெஹ்தாத் எப்படி ஆடியது? நடுக்களத்தில் யார் பந்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்? ஜோர்டானின் ஆகப்பெரிய ஆட்டத்தை கேலரியில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், ஒரு ஆட்டக்காரரின் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை.

'வெறும் விளையாட்டல்ல' என்று எழுதினீர்களே, அந்த 'வெறும்' எனக்கு உறுத்துகிறது. உங்கள் நண்பர் தொண்ணூறு நிமிடமும் லித்தாவை நினைத்து உருகிக்கொண்டா இருந்திருப்பார்? ஆஃப்சைடு என்று கொடி தூக்கிய லைன்ஸ்மேனின் வம்சத்தையே இழுத்துத் திட்டியிருப்பார். கார்னரை வீணடித்தவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் அமர்ந்து நீங்கள் அவர் முகத்தில் நக்பாவை, அந்த 1948 துரத்தலை, தேடியிருக்கிறீர்கள், அவரோ பந்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஸ்கோர் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். வெஹ்தாத் முகாம் 1955-இல் அம்மானின் தென்கிழக்கில் அரை சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான இடத்தில் ஐயாயிரம் பேருக்காகப் போடப்பட்டது. இன்று அங்கே பதிவான அகதிகள் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். நிலம் அதேதான், வீடுகள்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. முகாம்களில் பள்ளிக்கூடமும் ரேஷனும் ஆஸ்பத்திரியும் நடத்திய ஐ.நா. அமைப்பான அன்ர்வா, பையன்களுக்காக ஆங்காங்கே இளைஞர் மையங்களையும் திறந்தது. வெஹ்தாத்தில் 1956-இல் அப்படி முளைத்ததுதான் இந்த கிளப். எதிரணியான ஃபைசலி 1932-இல் தொடங்கியது. அதாவது ஜோர்டான் சுதந்திர நாடாவதற்கு முன்பே இருந்த கிளப். நீலச் சட்டை, ஜோர்டான் நதியின் கிழக்குக் கரைப் பழங்குடிகளின் பெருமை. லீக் என்றாலே ஃபைசலிதான் என்று இருந்த காலம் அது.

1970 செப்டம்பரில் ஜோர்டான் ராணுவத்துக்கும் பாலஸ்தீனப் போராளிகளுக்கும் போர் மூண்டது. வெஹ்தாத் முகாம் பீரங்கியால் அடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கோடைக்குள் இயக்கங்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. ஜோர்டானில் ராணுவச் சட்டம் அதற்கு முன்பே அமலில் இருந்தது; கட்சி நடத்தச் சட்டப்படி அனுமதி வந்தது 1992-இல்தான். இடைப்பட்ட அந்த இருபது வருடமும் முகாமில் கட்சி இல்லை, கூட்டம் இல்லை, கொடி இல்லை. கால்பந்து மட்டும் இருந்தது. ஆட்ட நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே திசையில் நடப்பதைச் சட்டவிரோதம் என்று சொல்ல எந்த அதிகாரியாலும் முடியவில்லை, கையில் டிக்கெட் வைத்திருந்தார்களே!

1980-இல் வெஹ்தாத் முதல் முறையாக லீக்கை வென்றது. அந்த மக்களின் நிலையில் இருந்து இதைப் பாருங்கள். அகதிகள் ஊர் திரும்பலாம் என்று ஐ.நா. பொதுச்சபை 1948 டிசம்பரிலேயே தீர்மானம் 194-ஐ நிறைவேற்றிவிட்டது. காகிதம் பத்திரமாக இருக்கிறது. பாதுகாப்பு சபைக்குப் போனால் வீட்டோ. நீதி, நியாயம், வரலாறு என்று எந்தக் கதவைத் தட்டினாலும் பிறகு பார்க்கலாம் என்று பதில் வருகிற வாழ்க்கை. அதில் ஒரே ஒரு இடத்தில் கணக்கு அன்றைக்கே தீர்ந்தது. பந்து கோட்டைத் தாண்டினால் கோல். அதற்கு வீட்டோ கிடையாது. பாயிண்ட் பட்டியலில் மேலே இருந்தால் சாம்பியன். அது அடையாளமாகக் கிடைத்த வெற்றியில்லை, எம். நிஜமாகவே ஜெயித்தார்கள்.

எங்களுக்குக் குரல் இல்லாத காலத்தில் வெஹ்தாத்தான் எங்கள் குரலாக இருந்தது என்று அராஃபத் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. வெஹ்தாத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதை எடுத்துப் போடுகிறார்கள். நானும் போட்டுவிட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். வருடாவருடம் கடைசி இடத்தில் முடித்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்குகிற டீமாக இருந்திருந்தால் அராஃபத் அதைச் சொல்லியிருப்பாரா? குரல் எழும்பியதே கால் நன்றாக ஆடியதால்தான்.

அரசாங்கத்துக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. 1980-களின் பிற்பகுதியில் கிளப்பின் நிர்வாகத்தைக் கலைத்து, பெயரையும் மாற்றி 'இரு கரைகள்' கிளப் என்று வைத்தார்கள். ஜோர்டான் நதியின் கிழக்கும் மேற்கும் ஒன்று என்று அர்த்தமாம். 1988 ஜூலையில் மன்னர் ஹுசைனே மேற்குக் கரையோடு இனி எங்களுக்குச் சட்டத் தொடர்பு இல்லை என்று அறிவித்துவிட்டார். கைவசம் ஒரு கரைதான் மிச்சம். இரு கரைகள் கிளப் மறுபடியும் வெஹ்தாத் ஆனது. இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

பச்சைச் சட்டை போட்டவர்கள் எல்லாம் சாதுக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கேலரியிலும் காது கூசும் வசவுகள் உண்டு. 2009-இல் ஸர்க்காவில் நடந்த ஆட்டத்தில் ஃபைசலி ரசிகர்கள் பாலஸ்தீன வம்சாவளியான ராணி ரானியாவை விவாகரத்து செய்யும்படி மன்னருக்குக் கோஷத்திலேயே யோசனை சொன்னார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டது. அமெரிக்கத் தூதரகம் வாஷிங்டனுக்கு அதைப் பற்றித் தந்தி அனுப்பியது. பிறகு விக்கிலீக்ஸ் வழியாக ஊரே படித்தது. 2010 டிசம்பரில் குவைஸ்மே மைதானத்தில் வெஹ்தாத் 1–0 என்று ஜெயித்த பிறகு கலவரம். கேலரியின் கம்பிவேலி சரிந்து விழுந்தது. இருநூற்றைம்பது பேர் அளவுக்குக் காயம். அப்போது வெஹ்தாத் தலைவராக இருந்தவர் தாரிக் கூரி, கிறிஸ்தவர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அந்தக் கோஷத்தில் 'அல்லாஹ்' இருப்பதைக் கேட்டு இது மதச் சண்டை என்று நம்மூர் வாட்ஸாப் பண்டிதர் யாராவது உங்களுக்கு விளக்கினால், இவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுங்கள்.

வேலி சரிந்த ஒரே மாதத்தில், 2011 ஜனவரியில், தோஹாவில் ஆசியக் கோப்பை. ஜோர்டான் தன் முதல் ஆட்டத்தில் ஜப்பானைச் சந்தித்தது. முதல் கோலைப் போட்டவர் வெஹ்தாத்தில் வளர்ந்த ஹசன் அப்தெல்-ஃபத்தாஹ். பின்னால் கோலில் நின்றவர் வெஹ்தாத்தின் அமெர் ஷஃபி. கடைசி நிமிடத்தில்தான் ஜப்பானால் சமன் செய்ய முடிந்தது, அந்த ஜப்பான்தான் அந்த முறை கோப்பையை எடுத்தது. அம்மானில் நீலமும் பச்சையும் அன்றைக்கு ஒரே டிவியைத்தான் பார்த்திருக்கும். விசுவாசம் பற்றி இன்னும் சந்தேகம் இருந்தால் அந்தக் கோலைத் தேடிப் பாருங்கள்.

நான் சும்மா சிடுசிடுக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 6 முதல் இது என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றுதான் காஸாவில் சுலைமான் அல்-ஒபெய்த் கொல்லப்பட்டார். நிவாரணப் பொருளுக்காகக் காத்திருந்தவர்கள் மேல் நடந்த இஸ்ரேலியத் தாக்குதலில் என்று பாலஸ்தீனக் கால்பந்து சங்கம் அறிவித்தது. அவரும் முகாம் கிளப்புகளின் பிள்ளை. ஷாத்தி முகாமின் கதமாத் அல்-ஷாத்தியில் தொடங்கி, ரமல்லாவின் அல்-அமரி முகாம் அணிக்கு ஆடியவர். 41 வயது, ஐந்து குழந்தைகள். 'பாலஸ்தீனப் பெலே' என்பார்கள். 2010-இல் யேமனுக்கு எதிராகத் தலைக்கு மேல் காலைத் தூக்கிப் பின்பக்கமாக அடித்த கோல் ஒன்று உண்டு. ஐரோப்பியக் கால்பந்து சம்மேளனம் இரண்டு வரியில் விடை கொடுத்தது. இருண்ட காலத்திலும் எண்ணற்ற குழந்தைகளுக்கு நம்பிக்கை தந்த திறமைசாலி என்று. எகிப்திய ஆட்டக்காரர் மொஹமத் சலா அதற்குக் கீழே கேட்டார்: எப்படி இறந்தார், எங்கே, ஏன் என்று சொல்ல முடியுமா?

எல்லோரும் சலாவைப் பாராட்டினார்கள், நியாயம். எனக்கு உறைத்தது இன்னொன்று. நம்பிக்கை, குழந்தைகள், இருள் என்ற அந்த வார்த்தைகள் எவ்வளவு இதமாக ஒரு மனிதனை மூடிவிடுகின்றன! அவர் எப்படிச் செத்தார் என்பதும் மறைந்துவிடுகிறது, எப்படி ஆடினார் என்பதும் மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரு சின்னம். கொன்றவனையும் கேட்கவேண்டாம், கோலையும் பார்க்கவேண்டாம். உங்கள் கடிதத்திலும் அதே வார்த்தைகள்தான் இருந்தன. நீங்கள் நல்லவர், அதனால் கண்ணீரோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சரக்கு அதே சரக்குதான்.

நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். எங்கள் பக்கத்தில் கால்பந்து இல்லாத தேவாலயப் பங்கு கிடையாது. சுனாமிக்குப் பிறகு தார் ஷீட் போட்ட கொட்டகைகளில் சனங்களை வைத்திருந்தார்கள். பகலில் உள்ளே இருக்கமுடியாது, அடுப்பு மாதிரி வேகும். பையன்கள் வெளியே மணலில் துடுப்புகளை நட்டு கோல் போஸ்ட் ஆக்கி ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் வெளியூரிலிருந்து போட்டோகிராபர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், கையில் பிஸ்கட் பாக்கெட்டுகள் கொண்டுவந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தம்பிகளா, பந்தை அந்தப் பக்கம் வைத்துவிட்டு இடிந்த சுவர் பக்கம் வந்து உட்காருங்கள் என்றார்.

கேப்டன் பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். "அண்ணே, நாங்க ரெண்டுக்கு ஒண்ணு லீடு. இப்ப நிறுத்துனா இவனுவ அப்புறம் ஒத்துக்கமாட்டானுவ" என்றான்.

கடைசியில் பிஸ்கட்டுக்காக உட்கார்ந்தார்கள். சிரிக்காதீர்கள் என்று சொல்லவேண்டியிருந்தது. படம் எடுத்து முடிந்ததும் ஓடிப்போய் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். அவன் சொன்னதுபோலவே ஸ்கோரில் தகராறு. கோலில் நின்ற பையனுக்கு அம்மா இல்லாமல் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கூட ஆடியவர்கள் யாரும் அவனிடம் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. "லேய், இடது பக்கம் பாருல!" என்று கத்துவார்கள். அவன் பார்த்தான். நல்ல கீப்பர். பெனால்டிக்கு எதிராளி காலைத் தூக்கும்வரை அசையாமல் நிற்பான், பெரிய ஆட்டக்காரர்களிடமே அபூர்வமாகத்தான் அந்தப் பொறுமையைப் பார்க்கலாம். பத்திரிகையில் வந்த படத்தில் அவன்தான் நடுவில். கீழே கடல் பறித்த குழந்தைப்பருவம் என்கிற மாதிரி ஏதோ ஒரு வரி. கீப்பர் என்று போடவில்லை.

கடல் கொண்டதையும் மனிதன் துப்பாக்கி முனையில் துரத்தியதையும் ஒன்றாக்க நான் இதைச் சொல்லவில்லை. சுனாமிக்குக் கொள்கை கிடையாது. முகாமில் ஆடுகிறவனை வெளியிலிருந்து பார்க்கிற கண்ணைப் பற்றித்தான் சொல்கிறேன். அந்தக் கண் அனுதாபத்தோடுதான் வரும். வந்து, பந்தை ஓரமாக வைக்கச் சொல்லும்.

அதனால் சாவியை விடுங்கள். அது அந்தக் குடும்பத்தின் அலமாரியில் இருக்கட்டும், அதைப் பற்றி அவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். நீங்களாகப் பேச்செடுக்கும்போது ரஃபாத் அலியைப் பற்றிக் கேளுங்கள். பிக்காசோ என்று பட்டம் வாங்கிய மிட்ஃபீல்டர். 2008–09 சீசனில் உள்நாட்டுக் கோப்பைகள் நான்கையும் வெஹ்தாத் வாரிக்கொண்டு போனதைப் பற்றிக் கேளுங்கள். அந்த அணியின் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். லித்தாவைப் பற்றிப் பேசும்போது தொண்டை அடைக்கிற மனிதர், இதைப் பேசும்போது எழுந்து நின்று மேஜைமேல் இருக்கிற உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்திக் காட்ட ஆரம்பித்துவிடுவார். அவரை அப்படியும் தெரிந்துகொள்ளவேண்டாமா?

அமெர் ஷஃபியைப் பற்றியும் கேளுங்கள், ஏனென்றால் அவர் நமக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். 2018 நவம்பரில் இந்திய அணி அம்மானுக்குப் போய் ஜோர்டானோடு நட்பு ஆட்டம் ஆடியது. பல ஆண்டுகள் வெஹ்தாத்தின் கோலைக் காத்த ஷஃபி, 'ஆசியாவின் திமிங்கலம்' என்று பெயர் எடுத்தவர், தன் பெட்டிக்குள்ளிருந்து பந்தை ஓங்கி உதைத்தார். பந்து மொத்த மைதானத்தையும் தாண்டி நம் பெட்டிக்கு முன்னால் குத்தியது. நம் கீப்பர் குர்பிரீத் சிங் சந்து முன்னால் வந்துவிட்டிருந்தார். அவர் தலைக்கு மேலே எழும்பி உள்ளே போய்விட்டது. அதே ஆட்டத்தில் அதற்கு முன்பு ஒரு பெனால்டியைத் தடுத்திருந்தவர் குர்பிரீத்! நாம் 1–2 என்று தோற்றோம். எங்கள் ஊரில் மறுநாள் பையன்கள் போனில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவனுக்கும் ஷஃபி மேல் பரிதாபமோ பக்தியோ இல்லை. "கள்ளன், கீப்பர் முன்னால நிக்கத நோட்டம் போட்டுட்டுல்ல அடிச்சிருக்கான்" என்றார்கள். ஷஃபியின் தாத்தா எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு ஆட்டக்காரனுக்கு இதைவிட மரியாதை வேறு என்ன செய்யமுடியும்?

ஜோர்டான் 2023 ஆசியக் கோப்பையின் இறுதிவரை போனது, 2026 உலகக் கோப்பைக்கு முதல்முறையாகத் தகுதிபெற்றது. இதைப் பற்றி நண்பருக்குக் கண்டிப்பாகக் கருத்து இருக்கும். வெஹ்தாத்காரனை ஏன் எடுக்கவில்லை, அவனை ஏன் பெஞ்சில் வைத்தார்கள் என்று. அந்தச் சண்டையில் நீங்களும் கலந்துகொள்ளுங்கள், ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள், தப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை.

என்னவோ கேட்டிருந்தீர்களே. ஜெர்சி. போடுங்கள், அதற்குத்தானே வாங்கிக் கொடுத்தார்? வலியைக் கடன் வாங்குவதாக எல்லாம் அலட்டிக்கொள்ளவேண்டாம், அது பாலியெஸ்டர் சட்டை, உங்கள் தொழிலுக்கு தையல் எப்படி என்று பார்த்துச் சொல்லலாம். கம்பெனிக்குப் போட்டுப்போவதாக இருந்தால் மட்டும் உங்கள் சூப்பர்வைசர் ஃபைசலி ஆளா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், அடுத்த ஆட்டம் முடிந்ததும் எழுதுங்கள். ஸ்கோர், கோல் போட்டவர்கள், இரண்டு பக்கமும் மாற்று ஆட்டக்காரர்கள் யார் யார், எந்த நிமிடத்தில் இறங்கினார்கள், எல்லாம் வேண்டும்.